எட்டு அட்டைகளும் ஒரு சம்பல் பாட்டிலும்

குபாங்,
அக்டோபர் 4

மதிப்பிற்குரிய பாக் தாதன்,

நலமா? ஜூலையில் பாண்டுங்கில் உங்கள் தேசியக் கணினி மையத்தில் நடந்த பயிற்சி வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓயாமல் கேள்வி கேட்டவளை நினைவிருக்கிறதா? "மத்தவங்களும் கேக்கட்டும் இபு" என்று சிரித்தீர்களே, அந்த அடோல்ஃபினா நான்தான். விண்ணப்பத்திலும் ஃபீனா என்றே எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் முறை விண்ணப்பித்து ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது. பதினாறாம் தேதியிலிருந்து இரண்டு வாரத்துக்கு உங்கள் கணினியின் எட்டு ஜிபியு அட்டைகள். எங்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கும் மேசை விசிறியைத் திருப்பி வைத்துத்தான் சூடு தணிக்கிறோம். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் இருக்கிறதா என்று சொல்லும் நிரலுக்கு அதில் பாடம் சொல்லிக்கொடுத்தால், அது கற்று முடிப்பதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

படங்களை இந்த ஹார்ட் டிஸ்க்கில் அனுப்புகிறேன். இணையத்தில் ஏற்றிப் பார்த்தேன். மழை வந்தால் அறுந்துபோகிறது, மழை விட்டால் கரண்ட் போகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணினியை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், நோயாளிகளின் படம் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று மருத்துவமனை கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆக, உங்கள் மையத்தை விட்டால் எங்களுக்கு வேறு வாசல் இல்லை.

ஜனவரியில் மருத்துவக் கப்பல் தீவுகளைச் சுற்றக் கிளம்புகிறது. அதில் எக்ஸ்ரே எடுக்க ஆள் உண்டு, படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. எல்லாப் படமும் குபாங்கில் இருக்கும் ஒரே டாக்டரின் மேசையில் வந்து குவியும். அதற்குள் நிரல் தயாராக வேண்டும்.

நான் இன்று சாபு தீவுக்குப் போகிறேன். நீங்கள் படங்களை ஏற்றி வையுங்கள். வந்ததும் வேலையைத் தொடங்குகிறேன்.

பெட்டியில் எங்கள் ஊர் 'சேய்' இறைச்சி கொஞ்சமும் ஒரு பாட்டில் மிளகாய்ச் சம்பலும் வைத்திருக்கிறேன். புகைபோட்ட மாட்டிறைச்சிதான், பன்றி இல்லை, பயப்படாமல் சாப்பிடலாம். வெறும் பெட்டி அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. சாப்பிட்டுவிட்டு எங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஃபீனா


பாண்டுங்,
அக்டோபர் 21

இபு ஃபீனா அவர்களுக்கு,

விண்ணப்பித்தவர்களோடு நாங்கள் கைபேசியில் பேசக்கூடாது என்பது மையத்தின் விதி. எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் இந்த மின்னஞ்சல். இது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை.

உங்கள் முறை தொடங்கி ஐந்து நாளாகிறது. எட்டு அட்டைகளும் உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டுச் சும்மா நிற்கின்றன. டிஸ்க்கில் அனுப்புவதாக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் சும்மா கிடந்தால் ஒதுக்கீடு தானாகவே ரத்தாகிவிடும். அதை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை.

உங்கள்மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதற்கும் இந்த ஒரே மையம். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என்னைத்தான் பிடித்து உலுக்குகிறார்கள். நெல் நோய்க்காரர், நிலநடுக்கக்காரர், குழந்தைக்குப் பெயர் வைக்கும் செயலி செய்பவர், எல்லோருக்கும் அவசரம். மேலிடத்திலிருந்து யாராவது சுற்றிப் பார்க்க வந்தால், விளக்குகள் மின்னும் அலமாரி முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதை ஓட்டுபவன் படும் பாடு யாருக்குத் தெரியும்?

தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.

தாதன் ருஹியாட்


குபாங்,
அக்டோபர் 28

பாக் தாதன்,

சாபுவில் காற்று அடித்துக் கப்பல் ஓடவில்லை. அங்கே கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. நேற்றுத்தான் கரை சேர்ந்தேன். கணினியைத் திறந்தால் உங்கள் மின்னஞ்சல்கள் மூன்று, அதற்குமேல் ஒதுக்கீடு ரத்து என்று கணினியே எழுதிய நான்காவது. வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். மகிழ்ச்சி.

கூரியர்க்காரரிடம் விசாரித்தேன். ஒன்பதாம் தேதியே உங்கள் மைய வாசலில் காவலர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். கடல் தாண்டி வந்த பெட்டிக்கு, வாசலிலிருந்து உங்கள் அறைக்கு வர வழி தெரியவில்லையா? எங்கள் பக்கத்திலிருந்து வந்த பெட்டி என்றால் அவ்வளவு இளக்காரமா?

இன்னொன்றையும் கேளுங்கள். என் தம்பி மெல்கி ரைஜுவா தீவில் ஆசிரியர். போன பிப்ரவரியில் இருமலோடு கப்பலுக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தான். "முடிவு வரும், போங்க சார்" என்றார்கள். முடிவு ஜூனில் வந்தது. அதுவரை தினமும் அந்தச் சின்ன வகுப்பறையில் நின்று பாடம் நடத்தினான். மருந்து சாப்பிட்டு அவன் தேறிவிட்டான். வகுப்பில் பல பிள்ளைகள் நோயில் படுத்தார்கள். ரேமி என்ற சின்னப் பெண் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மெல்கி பள்ளிக்கூடத்துக்குள் நுழையவில்லை. யாராவது கேட்டால், "நான்தான் அவளுக்குக் குடுத்தேன்" என்கிறான், ஏதோ மிட்டாய் கொடுத்ததுபோல. என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

இதற்காகத்தான் எட்டு அட்டைகள் கேட்டேன், குழந்தைக்குப் பெயர் வைக்க அல்ல.

பெட்டியில் இறைச்சியும் சம்பலும் இருந்தனவே, அதையாவது யாராவது தின்றார்களா?

ஃபீனா


பாண்டுங்,
நவம்பர் 3

இபு ஃபீனா அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

காவலர் உஜாங் உண்மையைச் சொல்லிவிட்டார். "புகை வாசம் வந்துச்சு பாக். என்னமோ ஏதோன்னு பிரிச்சுப் பாத்தா இறைச்சி. உங்க பேரு வேற போட்டிருக்கு. அன்பளிப்புன்னா மேல சொல்லணும்ல, சொல்லிட்டேன்." அவர் செய்தது சரிதான். அரசு ஊழியருக்கு வரும் அன்பளிப்பு எதுவானாலும் எங்கள் மையத்தில் அதற்கென்று இருக்கும் குழுவிடம் போகவேண்டும். பெட்டி என் பெயருக்கு வந்திருக்கிறது. மையத்தின் பெயருக்கு அனுப்பியிருந்தால் இறைச்சியைத் தனியாக எடுத்துவிட்டு டிஸ்க்கை என்னிடம் கொடுத்திருப்பார்கள். என் பெயருக்கு வந்ததால் முழுப்பெட்டியும் அன்பளிப்பு. டிஸ்க், சம்பல், இறைச்சி எல்லாம் ஒன்றாக ஒரு அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. குழு கூடி முடிவு செய்யும்வரை யாரும் தொடக்கூடாது. குழு எப்போது கூடும் என்று கேட்டேன். கூடும்போது கூடுமாம்.

உங்கள் அட்டைகள் சும்மா நின்ற அந்த ஒரு வாரமும், படங்கள் என் அறைக்கு நேர் கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன.

கணினி நேரம் வாங்கியவர் உங்களுக்கு ஏன் இறைச்சி அனுப்பினார் என்று என்னை விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதினான்கு வருட வேலையில் ஒரு கோப்பைக் காப்பிகூட யாரிடமும் வாங்கியதில்லை நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனே! நோக்கம் எதுவும் இல்லை, தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று நீங்கள் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பவேண்டும்.

தம்பியைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

தாதன்


குபாங்,
நவம்பர் 10

பாக் தாதன்,

வாக்குமூலம் எழுதிவிட்டேன். என் வாழ்க்கையில் கூசிக்கொண்டு எழுதிய ஒரே வாக்கியம் அது. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தது தப்பு என்று எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அம்மா பக்கத்தில் நின்று, "அந்த ஊர்ல யாரும் யாருக்கும் எதையும் குடுக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டார்.

புதிதாக ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து மையத்தின் பெயருக்கே அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு காய்ந்த மிளகாய்கூடக் கிடையாது. மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஒதுக்கீட்டுக்கு மார்ச்சில் விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. கப்பல் ஜனவரியில் போகிறது. காத்திருப்போர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார்களாம். அதில் எத்தனையாவது ஆள் என்று பார்ப்பதற்காக உங்கள் மையத்தின் நிலவரப் பக்கத்தைத் தினமும் திறக்கிறேன். திறந்து திறந்து ஒன்றைக் கவனித்தேன். எல்லா அட்டைகளுக்கும் எதிரே "பணியில்" என்று இருக்கிறது. ஆனால் பக்கத்தில் வேலைப்பளு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் பல அட்டைகளுக்கு நாள் முழுக்கச் சைபர். பணியில் இருக்கும் அட்டை எதைத்தான் செய்துகொண்டிருக்கிறது?

கடைசி வரிசைக்காரியின் கேள்விதான். இந்த முறை மற்றவர்கள் கேட்கட்டும் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஃபீனா


பாண்டுங்,
டிசம்பர் 1

இபு ஃபீனா,

இதை வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். மையத்துக் கணினியில் எழுதக்கூடிய விஷயம் இல்லை.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. மூன்றில் ஒரு பங்கு அட்டைகள் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு வாரம் சும்மா இருந்தால் ஒதுக்கீடு போய்விடும் என்ற விதி உங்கள் கழுத்தைப் பிடித்ததல்லவா? விவரம் தெரிந்தவர்கள் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தரவு தயாராக இல்லாவிட்டாலும், ஆள் ஊரிலேயே இல்லாவிட்டாலும், சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் வெற்று வேலை ஒன்றை ஓடவிட்டுப் போய்விடுவார்கள். பேருந்து சீட்டில் துண்டு போடுவது போலத்தான். ஒதுக்கீடு பிழைத்துக்கொள்ளும், அட்டை வீணாகும். அதிகமாகத் துண்டு போட்டிருப்பவர், யாருக்கு எத்தனை அட்டை என்று முடிவு செய்யும் குழுவிலேயே இருக்கும் பேராசிரியர்.

ஒரு நாளுக்குமேல் வெற்றாக ஓடும் வேலையை நிறுத்தலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. யாரும் தொட்டதில்லை. நிறுத்தினால் வரிசை தானாக நகரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லா வெற்று வேலைகளையும் நிறுத்தினால் காத்திருப்போர் பலருக்கு இடம் கிடைக்கும். அதில் உங்கள் பெயரும் வருகிறது.

அங்கேதான் சிக்கல். எங்கள் தலைவர் பாக் குஸ்னாடியிடம் மெல்லப் பேச்செடுத்தேன். அவர் நல்லவர், ஆனால் ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "தாதன், விதிப்படி நீ சொல்றது சரிதான். ஆனா வரிசை நகந்தா அந்தக் குபாங் அம்மாவுக்கும் இடம் வரும்ல? விசாரணை முடியிறவரைக்கும் நீ எதைத் தொட்டாலும் இறைச்சி வாசம் வரும்."

அந்தப் பெட்டியில் இறைச்சி இல்லாமல் இருந்திருந்தால் இன்றே நிறுத்தியிருப்பேன். என் மனைவி நெண்டெனிடம் புலம்பினேன். "ஒரு துண்டாவது வாயில வச்சியா? தின்னாமலே திருடன்னு பேர் வாங்குன ஒரே ஆளு நீதான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். என்னால் முடியாது இபு. மன்னித்துவிடுங்கள்.

தாதன்


குபாங்,
டிசம்பர் 9

பாக் தாதன்,

உங்கள் கடிதம் வந்தபோது மெல்கி வீட்டில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்க ரைஜுவாவிலிருந்து வந்திருந்தான். அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

பிறகு, "அக்கா, இந்தத் தடவை நான் வீடு வீடாப் போய்ப் பிள்ளைங்களைக் கப்பலுக்குக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். ஆனா முடிவு எப்ப வரும்னு கேட்டா என்ன சொல்றது? நான் சொன்னா யாரு நம்புவாங்க?" என்றான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் அந்தப் பெற்றோர்களின் வாசலில் போய் நிற்கத் துணிந்திருக்கிறான். இந்த வருடம் எல்லோரும் என்னிடம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள்.

உங்களிடம் அதைச் செய்யுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் அந்த இறைச்சிக்கு விலை கேட்டதாக ஆகிவிடும். உங்கள் பிள்ளைகளின் படிப்பை என்னால் பணயம் வைக்கச் சொல்லவும் முடியாது. கோபம் மட்டும் இருக்கிறது, அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. துண்டு போட்டவர் சௌக்கியமாக இருக்கிறார். சம்பல் போட்ட நான் வாக்குமூலம் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

ஃபீனா


பாண்டுங்,
டிசம்பர் 22

பயனர்கள் அனைவருக்கும்,

மையத்தின் விதிப்படி, ஒரு நாளுக்குமேல் வெற்றாக ஓடிய வேலைகள் அனைத்தும் இன்று காலை நிறுத்தப்பட்டன. யாருக்கும் விலக்கு இல்லை. காத்திருப்போர் பட்டியல் அதன் வரிசைப்படி நகர்த்தப்பட்டுள்ளது. இடம் கிடைத்தவர்களின் பெயர்கள் கீழே உள்ளன. யாருடைய தரவு ஏற்கெனவே மையத்துக்கு வந்திருக்கிறதோ அவர்களுக்கு அது ஏற்றப்பட்டுவிட்டது.

தாதன் ருஹியாட்
கணினி இயக்கப் பிரிவு


பாண்டுங்,
ஜனவரி 6

இபு ஃபீனா,

நீங்கள் கிறிஸ்துமஸ் அன்றும் கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. உங்கள் எட்டு அட்டைகளின் வேலைப்பளுக் கட்டத்திலும் எண்கள் ஏறி நின்றன. இந்த மையத்தில் எனக்குப் பிடித்த காட்சி அதுதான்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி உங்கள் வேலையைப் பாதியில் நிறுத்தியது நான் இல்லை. பேராசிரியர் விடுமுறையிலிருந்து திரும்பியதும் மேலே புகார் போயிற்று. "வரிசையை மறுபரிசீலனை செய்கிறோம்" என்று எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டார்கள். அவருடைய அட்டைகள் மறுபடியும் சும்மா சுற்றுகின்றன.

அன்பளிப்புக் குழு உடனே கூடிவிட்டது, அதற்கு மட்டும் நேரம் கிடைத்தது. என் எதிரிலேயே பெட்டியைத் திறந்தார்கள். உங்கள் முதல் கடிதத்தை அங்கேதான் முதல்முறையாகக் கேட்டேன். ஓர் அம்மையார் சத்தமாகப் படித்தார். "சாப்பிட்டுவிட்டு எங்களையும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, சிவப்பு மையால் கோடு போட்டார். என்னைப் பார்த்து, "கவனிச்சிட்டீங்க போல" என்றார். விதியை எடுத்துக் காட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை போகவில்லை. கணினிப் பக்கம் இனி வரக்கூடாது. குளிரூட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர்க் குழாய், விசிறி, ஒழுகும் மூட்டு, இவைதான் இனி என் வேலை. சம்பளத்தில் கொஞ்சம் குறையும். நெண்டென் தையல் வகுப்பு தொடங்கப் போகிறாளாம்.

இறைச்சியை அழித்துவிட்டதாகக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். சம்பல் பாட்டிலைப் பார்த்தேன், பாதிதான் இருந்தது. வெளியே வந்தபோது காவலர் உஜாங் காதோடு சொன்னார்: "காரம் ஜாஸ்திதான் பாக். ஆனா சோத்துக்கு நல்லா இருந்துச்சு."

நிரல் எதுவரை கற்றது என்று எழுதுங்கள். அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாதன்


ரைஜுவா,
ஜனவரி 27

காங் தாதன்,

உங்கள் ஊரில் அண்ணனைக் காங் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நெண்டென் எழுதியிருந்தார். இனி அப்படித்தான் எழுதுவேன்.

நிரல் பாதிதான் கற்றிருக்கிறது. பெரியவர்களின் படம் சுத்தமாக இருந்தால், சுத்தம் என்று உறுதியாகச் சொல்கிறது. சந்தேகம் என்றால் டாக்டரிடம் அனுப்பு என்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆனாலும் டாக்டரின் மேசையில் மலைபோலக் குவியும் படங்களில் பெரும்பகுதி இந்த முறை குறைந்துவிட்டது. சாபுவில் எடுத்த படங்களுக்கு ஒரே வாரத்தில் முடிவு வந்துவிட்டது. போன வருடம் ஜூன்.

இங்கே ரைஜுவாவில் மெல்கி சொன்னபடியே வீடு வீடாகப் போனான். ரேமியின் அப்பா கதவைத் திறக்கவில்லை. அவளுடைய அம்மா பின்வாசல் வழியாக வந்து, சின்ன மகனை இவன் கையில் பிடித்துக் கொடுத்தாராம். நேற்று கப்பல் தளத்தில் ஒரு வகுப்பே வரிசையில் நின்றது. மெல்கி முன்னால் நின்று, பழைய வாத்தியார் குரலில், தள்ளாதே, தள்ளாதே என்று அதட்டிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் பிள்ளைகளின் படம் ஒவ்வொன்றுக்கும் நிரல் ஒரே பதிலைத்தான் சொன்னது: தெரியவில்லை. பெரியவர்களின் படங்களை முதலில் கொடுத்துவிட்டு, சிறுவர்களின் படங்களைக் கடைசியில் வைத்திருந்தேன். அங்கே போவதற்குள் நிறுத்திவிட்டார்கள். மெல்கி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "பிள்ளைங்களுக்குத்தானே அக்கா வேணும்?" என்று மட்டும் கேட்டான். அந்தப் படங்களையெல்லாம் டாக்டர்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரியவர்களின் சுமை குறைந்ததால் ஒரு மாதத்தில் முடிப்பதாகச் சொல்கிறார். அந்த ஒரு மாதமும் மெல்கிக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். நான்காம் முறை. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பையனிடமிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது. தரவு தயாராக இல்லாவிட்டால் முதல் நாளே வெற்று வேலை ஒன்றை ஓடவிட்டு வைப்பது நல்லது என்று எனக்கு யோசனை சொல்கிறான். கற்றுக்கொண்டுவிட்டான்.

காங் தாதன், இப்போது உங்களால் எனக்கு ஓர் அட்டைகூடத் தரமுடியாது. உங்கள் கையில் இருப்பது தண்ணீர்க் குழாய் மட்டும். எனக்கும் உங்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. அதனால் இந்தக் கடிதத்தோடு சேய் இறைச்சி கொஞ்சம் அதிகமாகவே வைத்திருக்கிறேன். சம்பல் இரண்டு பாட்டில். பெட்டியின்மேல் உங்கள் பெயரைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறேன். பாட்டிலில் ஒன்று காவலர் உஜாங்குக்கு, வாங்கும்போதே அவரிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொன்றை யாரும் பிரிப்பதற்குமுன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், நெண்டெனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டாம்.

தங்கை ஃபீனா